ஹேலோ மோதிரம்: நடுக்கல்லைச் சுற்றும் ஒளிவட்டம் எங்கிருந்து வந்தது, எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

கார்முகில் (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். என் பாட்டி விட்டுப்போன நீலக்கல் ஒன்று என்னிடம் இருக்கிறது. நீள்வட்ட வடிவம், 7-க்கு 5 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு கேரட். அது இருந்த மோதிரம் தேய்ந்து ஒடிந்துவிட்டது, கல் மட்டும்தான் மிச்சம். அதையே எங்கள் நிச்சயதார்த்த மோதிரத்தில் வைக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் விரும்புகிறோம்.

கல்லின் ஒரு முனையில், விளிம்பில், சின்னதாகச் சில்லு பெயர்ந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதைச் சுற்றிப் பொடி வைரம் பதித்து ஹேலோவாகச் செய்தால் அழகாக இருக்கும் என்று எனக்கு ஆசை. ஆனால் கேட்ட இடத்திலெல்லாம், "ஹேலோவா? அது பத்து வருஷத்துக்கு முந்தைய மோஸ்தர் ஆச்சே" என்கிறார்கள். அப்படித்தானா? உண்மையில் இந்த வடிவம் எப்போது தொடங்கியது? என் கல்லுக்கு எது பொருந்தும்? தினமும் போட்டால் தாங்குமா?

நேர்கோடு

என் ஓட்டு ஒற்றைக்கல் மோதிரத்துக்கு. அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனி 1886-இல் ஆறு பிடி (கல்லைக் கவ்விப் பிடிக்கும் உலோக நகம்) வைத்த மோதிரத்தைக் கொண்டுவந்தபோது, கல்லை வளையத்திலிருந்து மேலே தூக்கி நிறுத்தியது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் உள்ளே போகும். கல் தன் பேச்சைத் தானே பேசும்.

ஹேலோ என்பது சிறிய கல்லைப் பெரிதாகக் காட்டுவதற்கான ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். 2010-க்குப் பிறகு ஒரு பெரிய அலையாக வந்தது, இப்போது வடிந்துகொண்டிருக்கிறது. பாட்டியின் கல்லுக்குக் காலம் தாண்டி நிற்கிற ஒன்றுதான் வேண்டும்.

பழையபெட்டி

நேர்கோடு, டிஃபனி பற்றிச் சொன்னது சரி. ஆனால் கால வரிசையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு கல், சுற்றிலும் சிறு கற்கள் என்ற அமைப்பு 1886-க்கு நூறு வருடத்துக்கும் மேல் மூத்தது. பழைய நகை சேர்ப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் 1714 முதல் வரிசையாக ஆண்டார்கள். அந்தக் காலத்து மோதிரங்களில் இந்த அமைப்பு தாராளமாகக் கிடைக்கும். அப்போது யாரும் ஹேலோ என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கிளஸ்டர், அதாவது கொத்து. பிரெஞ்சில் ஆன்டுராஜ், சுற்றி நிற்பவை என்று பொருள். ஹேலோ என்ற பெயர்தான் புதுசு, பொருள் பழசு.

ஏன் கொத்தாக வைத்தார்கள்? வைரம் அன்றைக்கு அவ்வளவு அரிது. முதலில் இந்தியாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, 1720-களில் பிரேசிலில் கிடைக்கத் தொடங்கியது. பெரிய கல் சிலருக்கே வாய்க்கும். சிறு கற்களைச் சேர்த்து ஒரு பூ செய்துவிட்டால் அது பெரிய கல்லைப் போல நிற்கும். தென்னாப்பிரிக்காவில் 1867-இல் முதல் வைரம் கிடைத்து, சில ஆண்டுகளில் கிம்பர்லியில் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் பெரிய வைரங்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஒற்றைக்கல் மோதிரம் அதற்கு முன்பும் உண்டு, ஆனால் அது பரவலானது இந்த வரத்துக்குப் பிறகு. ஆக, நிச்சயதார்த்தம் என்றாலே ஒற்றை வைரம் என்ற எண்ணம்தான் வயதில் இளையது.

அந்தப் பழைய மோதிரங்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். வைரத்தை வெள்ளியில் பதித்திருப்பார்கள், வெண்மை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. வெள்ளி கறுத்துத் தோலில் கறை படியக் கூடாது என்று அடியில் தங்கம். கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும், உள்ளே பளபளப்பான உலோகத் தாள். மெழுகுவத்தி வெளிச்சத்துக்காகவே செய்யப்பட்ட பொருள் அது. மின்விளக்கின் கீழே கொஞ்சம் மங்கலாகத் தெரியும். மெழுகுவத்தி ஏற்றிப் பாருங்கள், கல்லுக்குள் யாரோ விளக்கு வைத்தது மாதிரி இருக்கும்.

விக்டோரியா காலத்தில் இதே வட்டம் துக்கத்துக்கும் பயன்பட்டது. இறந்தவரின் முடியைப் பின்னி நடுவில் கண்ணாடிக்குள் வைத்து, சுற்றிலும் சிறு முத்துகள். முத்து என்றால் கண்ணீர். காதலுக்கும் இழப்புக்கும் ஒரே வடிவம் போதுமானதாக இருந்திருக்கிறது.

வெண்ணிலா

விக்டோரியா அரசியின் நிச்சயதார்த்த மோதிரமே ஹேலோதான் என்று எங்கோ படித்தேனே, பழையபெட்டி அண்ணா?

பழையபெட்டி

இல்லை. அது பாம்பு வடிவ மோதிரம், மரகதம் பதித்தது. நீங்கள் நினைப்பது வேறொரு நகையாக இருக்கலாம். 1840 பிப்ரவரியில், திருமணத்துக்கு முந்தைய நாள், ஆல்பர்ட் இளவரசர் விக்டோரியாவுக்கு ஒரு நீலக்கல் பதக்க ஊசி கொடுத்தார். நடுவில் பெரிய நீலம், சுற்றிலும் 12 வட்ட வைரங்கள். அடுத்த நாள் திருமண உடையில் அதைத்தான் குத்தியிருந்தார்.

1981-இல் டயானாவுக்கு வந்த மோதிரத்தையும் அந்த ஊசியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சாயல் தெளிவாகத் தெரியும். லண்டன் நகை நிறுவனமான காரர்ட் செய்தது. இலங்கையின் 12 கேரட் நீள்வட்ட நீலம், சுற்றி 14 வைரம், 18 கேரட் வெள்ளைத் தங்கம். அரச குடும்பத்துக்கென்று தனியாக வடிவமைத்தது கூட இல்லை, நிறுவனத்தின் பட்டியலில் இருந்த மோதிரம். அதையே 2010 நவம்பரில் கேட் மிடில்டன் கையில் உலகம் பார்த்தது. நேர்கோடு சொன்ன அலை அங்கிருந்து வலுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அலைக்குக் கீழே இருந்த தண்ணீர் ரொம்பப் பழையது.

கார்முகில், உங்களுடையதும் நீள்வட்ட நீலம்தானே?

கார்முகில்

ஆமாம்! அந்தப் பொருத்தம் எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. 12 கேரட்டுக்குப் பக்கத்தில் என் ஒரு கேரட் குழந்தை மாதிரி இருக்கும், ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

அளவுகோல்

பெரிதாகக் காட்டும் ஏற்பாடு என்று நேர்கோடு சொன்னதற்கு என் தரப்பிலிருந்து சில கணக்குகள்.

ஒரு கேரட் வட்ட வைரத்தின் விட்டம் சுமார் 6.5 மி.மீ. அதைச் சுற்றி 1.3 மி.மீ. பொடிக்கல் ஒரு வரிசை வைத்தால், இடையே இருக்கும் உலோகத்தையும் சேர்த்து முகப்பு 9.5 மி.மீ. பக்கம் வரும். சுமார் 18 கல் பிடிக்கும். ஒவ்வொன்றும் ஒரு கேரட்டில் நூறில் ஒரு பங்கு, மொத்தம் 0.18 கேரட். ஒற்றைக்கல்லாக 9.3 மி.மீ. அகலம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 3 கேரட் வைரம் தேவை. எடையில் கொஞ்சம்தான் கூடுகிறது, பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது.

இது பரப்புக் கணக்கு. கண் இன்னொரு கணக்கு போடுகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டெல்பஃப் 1865-இல் விவரித்த ஒரு தோற்றமயக்கம் உண்டு. ஒரு வட்டத் தட்டைச் சுற்றி நெருக்கமாக ஒரு வளையம் வரைந்தால் தட்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதே வளையத்தைத் தள்ளி, பெரிதாக வரைந்தால் தட்டு சின்னதாகிவிடும். மோதிரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஹேலோ நடுக்கல்லை ஒட்டி உட்கார்ந்தால் கல் வளரும், அகலமாக விலகி நின்றால் கல் சுருங்கும். இரட்டை ஹேலோவில் சில சமயம் நடுக்கல் காணாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கண் முழுத் தட்டையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டுவிடுகிறது.

நிலாவைச் சுற்றி வட்டம் விழுந்தால் "நிலா கோட்டை கட்டியிருக்கிறது" என்போமே, அந்தக் கோட்டை நிலாவை விட்டு ரொம்ப தூரத்தில் இருக்கும். அதற்குள் நிலா சின்னதாகத்தான் தெரியும். மோதிரத்துக்கு அந்தத் தூரம் ஆகாது.

நேர்கோடு

அளவுகோல், இடைவெளி பற்றிச் சொன்னது எனக்குப் புதுத் தகவல். நான் பார்த்துப் பிடிக்காமல் போன ஹேலோக்கள் பெரும்பாலும் அகலமான, இரட்டை வரிசைத் தட்டுகள்தான் என்று இப்போது தோன்றுகிறது. பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருப்பதால் குழப்பம். என்னென்ன வகை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். 'மறைந்த ஹேலோ' என்று ஒன்று கேள்விப்பட்டேன், அது என்ன?

பதிப்புப்பட்டறை

கல் பதிப்பதுதான் என் தொழில், 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. மேசைக்கு வந்தவற்றை வைத்துச் சொல்கிறேன்.

மறைந்த ஹேலோவில் பொடிக்கற்கள் நடுக்கல்லுக்கு அடியில், பிடிகள் கிளம்பும் இடத்தைச் சுற்றி இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையைத் திருப்பினால் பக்கவாட்டில் மின்னும். அதனால் கல் பெரிதாகத் தெரியாது. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. அழுக்கு சேரும் இடமும் அதுதான். சோப்பு, எண்ணெய்ப் பசை எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும், மென்மையான பல்துலக்கியால் அடிப்பக்கத்திலிருந்து தேய்த்தால்தான் போகும். இன்னொன்று, கல்லைத் தாங்கும் கூடு தாழ்வாக இருந்தால் திருமண வளையம் அதன் பக்கத்தில் ஒட்டி உட்காராது, இடைவெளி விழும். இரண்டையும் சேர்த்துப் போடப் போகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வெளியே தெரியும் ஹேலோவில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று, ஒரே சட்டம் மாதிரி ஓடுவது. வழவழப்பான ஓரம், பாவே முறையில் (நெருக்கி நெருக்கிப் பதிப்பது) நுண்ணிய கற்கள், தூரத்திலிருந்து ஒரே ஒளிக்கோடாகத் தெரியும். பூதக்கண்ணாடிக்குக் கீழே மயிரிழைப் பிடிகளோடு பதிக்கும் நுண் பாவே வேலை பெருகிய பிறகு இது எங்கும் வந்துவிட்டது. மற்றது, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிவது. வெளி ஓரம் வளைந்து வளைந்து இதழ் மாதிரி இருக்கும். பழைய கொத்து மோதிரங்களும் டயானா மோதிரமும் இந்தப் பிரிவு. இதில் கல் கொஞ்சம் பெரியது, எண்ணிக்கை குறைவு.

வடிவத்தை மாற்றியும் விளையாடலாம். வட்டக் கல்லுக்குத் தலையணை வடிவச் சட்டம் வைத்தால் சதுரக் கல் மாதிரி தெரியும். நடுக்கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று தெரிய விடுவது மிதக்கும் ஹேலோ. நீளப் பட்டைக் கற்களைச் சுற்றிலும் பாவாடை மடிப்பு போல ஏற்றி இறக்கி வைத்தால் பாலெரினா. மற்றவை எல்லாம் இவற்றின் கலப்புதான்.

பழையபெட்டி

ஐயா, ஆர்ட் டெகோ பாணியை விட்டுவிட்டீர்களே! எனக்கு மிகப் பிடித்த ஹேலோ அதுதான். 1920-களில் நடுவில் வைரம், சுற்றிலும் நீலமோ மாணிக்கமோ மரகதமோ. இலக்குப் பலகை போலத் தெரிவதால் டார்கெட் மோதிரம் என்று பெயர். வெள்ளைக்கு வெள்ளை வைக்காமல் நிறத்தால் கோடு போட்டார்கள். காலிப்ரே என்ற முறை: ஒவ்வொரு கல்லையும் அந்த வளைவுக்கென்றே அளந்து பட்டை தீட்டி, இடையில் உலோகமே தெரியாதபடி அடுக்குவது. ஒரு கல் உடைந்தால் மாற்றுக்கல் கடையில் கிடைக்காது, புதிதாக வெட்டத்தான் வேண்டும்.

அந்த நுணுக்கத்துக்கு வழி விட்டது பிளாட்டினம். அது உருக 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும், தங்கத்துக்கு 1064 போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்சி-அசிட்டிலின் சுடர் வந்த பிறகுதான் பட்டறைகளில் பிளாட்டின வேலை சுலபமானது. கனமில்லாத சன்னக் கம்பியே கல்லைப் பிடித்துக்கொள்ளும். விளிம்பில் தினை தூவியது போல மணிமணியாக ஒரு வரிசை போடுவார்களே, மில்கிரெய்ன், அதெல்லாம் அப்போது மலர்ந்தது.

பழையதை வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் 1902-இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார், சில வருடங்களில் செயற்கை நீலமும் வந்தது. ஆர்ட் டெகோ மோதிரங்களின் காலிப்ரே கற்களில் இந்தச் செயற்கைக் கற்கள் நிறைய உண்டு. அன்றைக்கே தெரிந்து போட்டவைதான், நிறமும் அளவும் ஒரே சீராகக் கிடைக்கும் என்பதற்காக. லென்ஸில் வளைந்த கோடுகளோ காற்றுக் குமிழிகளோ தெரிந்தால் அது சுடரில் வளர்ந்த கல்.

வெண்ணிலா

நான் ஆறு வருடமாக ஹேலோ போடுகிறேன், என் அனுபவத்தையும் கேளுங்கள். முதல் இரண்டு வருடத்தில் மூன்று பொடிக்கற்கள் விழுந்துவிட்டன. செய்த கடையில் சொன்னால், "நீங்கள் எங்கோ இடித்திருப்பீர்கள்" என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறொரு பட்டறையில் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது: வளையம் முழுக்கவும் கல், அதன் கனமும் ரொம்பக் குறைவு. கை அழுத்தத்தில் வளையம் நுண்ணியதாக வளையும்போதெல்லாம் பிடிகள் திறந்துகொண்டிருந்தன. விழுந்ததில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1 மி.மீ. கல்லைத் தரையில் எங்கே தேடுவது?

ஹேலோ பிடிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. இப்போதும் அது எனக்கு உயிர். ஆனால் வளையத்தைக் கவனியுங்கள், கார்முகில்.

பதிப்புப்பட்டறை

வெண்ணிலா சொன்னது நூற்றுக்கு நூறு. தினசரி போடுவதற்கு வளையம் 1.8 மி.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. கல் வைத்தே ஆக வேண்டுமென்றால் மேல் பாதிக்கு மட்டும் போதும். அடிப்பாதி வெறும் உலோகமாக இருந்தால் பிற்பாடு அளவு கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கும். சுற்றிலும் கல் வைத்த வளையத்தில் அது பெரும் பாடு.

ஹேலோவுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் பேசுவதில்லை. சுற்றியிருக்கும் சட்டம் நடுக்கல்லின் விளிம்புக்குக் காவல். கல் பெரும்பாலும் சில்லு தெறிப்பது விளிம்பிலும் கூர்முனையிலும்தான். கதவில் இடித்தால் முதல் அடியைச் சட்டம் வாங்கிக்கொள்ளும். பேரிக்காய் வடிவத்துக்கும் சதுரக் கல்லின் மூலைகளுக்கும் இது பெரிய ஆதரவு. மரகதம் மாதிரி உள்ளே விரிசல் உள்ள கல்லுக்கு இன்னும் அவசியம்.

கார்முகில், உங்கள் கல்லில் சில்லு பெயர்ந்த முனையில் தனிப் பிடி வைத்து அழுத்தக் கூடாது. ஒரே புள்ளியில் அழுத்தம் விழுந்தால் சில்லு பெருகலாம். மறுபட்டை தீட்டலாம், ஆனால் அளவு குறையும், பாட்டி பார்த்த கல் மாறிவிடும். என் யோசனை: நடுக்கல்லைச் சுற்றி மெல்லிய தகட்டுச் சுவர் ஒன்று எழுப்பி, அதன் உதட்டைக் கல்லின் மேல் மெதுவாகப் படிய வைப்பது. சில்லு அந்த உதட்டுக்குள் மறைந்துவிடும். அதற்கு வெளியே ஹேலோ. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் நீலக்கல் 9, தாங்கும்.

அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். நீலத்துக்கு வெளிச்சம் வேண்டும், கழுவவும் சுலபம்.

பழையபெட்டி

அடிப்பக்கம் திறப்பு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என்னிடம் இருந்த ஒரு பழைய கொத்து மோதிரத்தை, பின்பக்கம் மூடியது என்று தெரிந்தும், ஒரு பழுது பார்க்கும் கடையில் தண்ணீரில் போட்டுக் கழுவிவிட்டார்கள். உள்ளே ஈரம் போய்த் தாள் கறுத்துவிட்டது. 200 வருடம் ஒளிர்ந்த கல் ஒரே மதியத்தில் சாம்பல் நிறமாகிப்போனது. இன்றும் அதை எடுத்துப் பார்க்க மனசு வரவில்லை. மூடிய பின்பக்கமுள்ள நகை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் போட்டுக்கொண்டு கை கழுவாதீர்கள்.

அளவுகோல்

கார்முகில் கல்லுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7-க்கு 5 நீள்வட்டம். 1.5 மி.மீ. வைரங்கள் என்றால் 15 பிடிக்கும். 2 மி.மீ. என்றால் 12. ஐயா சொல்லும் தகட்டுச் சுவர் மெல்லியதாக இருந்தால் இந்த எண்ணிக்கை பெரிதாக மாறாது. இரண்டாவதில் முகப்பு சுமார் 11.4-க்கு 9.4 மி.மீ.

நிறத்தையும் யோசியுங்கள். நடுக்கல் வைரமாக இருந்தால் பொடிக்கற்கள் அதைவிட வெண்மையாக இருக்கக் கூடாது, பக்கத்தில் நடுக்கல் மஞ்சளடித்துப்போகும். நீலத்துக்கு அந்தக் கவலை இல்லை. சுற்றிலும் வெண்மை இருந்தால் நீலம் இன்னும் ஆழமாகத் தெரியும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 45.52 கேரட் ஹோப் வைரமும் நீலம்தான், அதைச் சுற்றியும் 16 வெள்ளை வைரங்கள்.

வெண்ணிலா

நிறத்தைப் பற்றிப் பேசும்போது பிரிட்டனின் யூஜினி இளவரசியின் 2018 நிச்சயதார்த்த மோதிரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பத்பராட்ஷா நீலக்கல், சுற்றி வைரம். தாமரை நிறம் என்ற பொருளுள்ள சிங்களச் சொல் அது. நம் பதுமராகத்துக்கு உறவு, ஆனால் தமிழில் பதுமராகம் என்றால் மாணிக்கம். ஒரே பூவைப் பார்த்து இரண்டு மொழிகள் இரண்டு கல்லுக்குப் பெயர் வைத்திருக்கின்றன.

நேர்கோடு

கார்முகில், என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். என் மோதிரம் ஒற்றைக்கல்லாகவே இருக்கும், அது என் ரசனை. ஆனால் உங்கள் கல்லுக்குக் காவல் தேவை. இதழ் வடிவம், தனித்தனிக் கல், ஒரே வரிசை. வழவழப்பான பாவே சட்டம் வேண்டாம், அதில்தான் ஒரு குறிப்பிட்ட பத்தாண்டின் முகம் தெரிகிறது.

கார்முகில்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பட்டறையில் ஐயா சொன்னதை அப்படியே காட்டினேன். முதலில் மெழுகில் இரண்டு மாதிரி செய்து தந்தார்கள், ஒன்று 15 கல்லுக்கு, ஒன்று 12-க்கு. இரண்டையும் விரலில் போட்டுப் பார்த்தேன். 15 கல் மாதிரி நேர்த்தியாக இருந்தது. 12 கல் மாதிரியைப் போட்டதும் பக்கத்தில் இருந்த அம்மா, "பாட்டி கை மாதிரியே இருக்குடி" என்றார்.

அதனால் 12. மஞ்சள் தங்க வளையம், கல் வைக்காமல், 2 மி.மீ. கனம். தகட்டுச் சுவரின் உதட்டில் மட்டும் மில்கிரெய்ன். வைரம் நிற்கும் கூடு வெள்ளைத் தங்கம். அடிப்பக்கம் திறப்பு. சில்லு பெயர்ந்த முனை விரல் நுனிப் பக்கம் வருமா, மணிக்கட்டுப் பக்கம் வருமா என்று கேட்டார்கள். மணிக்கட்டுப் பக்கம் என்றேன், அங்கே அடி குறைவாகப் படும் என்று நினைத்து. பதிப்புப்பட்டறை ஐயா, அது சரிதானே?

பதிப்புப்பட்டறை

சரிதான். விரல் நுனிப் பக்கம்தான் எதிலும் முதலில் போய் முட்டும். பதித்து முடித்ததும் வாங்கும் முன், மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கலகலவென்று சின்னச் சத்தம் கேட்டால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது, அங்கேயே இறுக்கித் தரச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருமுறை பிடிகளைக் காட்டிவிடுங்கள்.